சந்தைத் துண்டுக்கு அடியில்

ஜனவரி 18, வியாழன்

இன்று மேட்டுவலசுச் சந்தையில் ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை, நானாக ஏமாந்தேன். பதினெட்டு வருஷ மாட்டு வியாபாரத்தில் இது முதல் தடவை என்பதால் எழுதி வைக்கிறேன். தீவனக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கும் டைரிக்கு இந்த வருஷமாவது ஒரு வேலை இருக்கட்டும்.

ஒரு ஜோடி எருது. பல் பார்த்து, நடை பார்த்து, நுகத்தடியில் கட்டியும் பார்த்தாயிற்று. அறுபதுக்கு மேல் எத்தனை என்பதுதான் பாக்கிப் பேச்சு. தரகர் ஆறுச்சாமி அண்ணன் தோளில் கிடந்த துண்டை என் கை மேல் போட்டு, உள்ளே கையை விட்டு விரலைப் பிடித்தார். எங்கள் சந்தையில் விலை வாயில் வராது. துண்டுக்கு அடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை ஆயிரம். சுற்றி நிற்பவனுக்கு எங்கள் முகம்தான் தெரியும்.

மூன்று விரலைப் பிடித்தார். "முடிச்சுக்குங்கண்ணா" என்றேன். மாட்டுக்காரரிடம் கயிற்றை வாங்கும்போது அவர் அறுபத்தைந்து கேட்கிறார்.

"என்னங்கண்ணா, மூணு விரல்தானுங்களே புடிச்சீங்க?"

"அம்மிணி, அஞ்சையும் சேத்துத்தான் புடிச்சேன். சாமி சத்தியம்."

ஆறுச்சாமி அண்ணன் குடிப்பார், சீட்டாடுவார், பொண்டாட்டியிடம் வாய் கூசாமல் பொய் சொல்வார். துண்டுக்கு அடியில் மட்டும் பொய் சொன்னதில்லை. கை முடித்த விலை முடித்ததுதான். ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டு மாட்டை ஓட்டி வந்தேன்.

வீட்டுக்கு வந்து சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி வலது கையில் குத்திப் பார்த்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் வேறு யாருடையதோ போல இருக்கின்றன. குளிருக்கு மரத்திருக்கும். தை மாசப் பனி.

ஜனவரி 25, வியாழன்

சந்தைக்குப் போனேன். எதையும் வாங்கவில்லை. "ஒண்ணும் படியல" என்று சொல்லிவிட்டேன். துண்டோடு வந்த இரண்டு பேரிடம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பிப் போகவில்லை.

அந்தத் துண்டுக்கு அடியில் என் கையைக் கொண்டுபோகவே மூன்று வருஷம் பிடித்தது. பொம்பளை கையை எப்படிப் பிடிப்பது என்று ஆளாளுக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். "என்னையக் கட்டிக்கவா கூப்படறேன்? மாட்டுக்கு வெலதானுங்க கேக்கறேன்" என்று ஒரு நாள் நடுச்சந்தையில் கத்தினேன். ஆறுச்சாமி அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து துண்டைப் போட்டார். அன்றிலிருந்து நான் வியாபாரி. அதற்கு முன்னால் வெறும் மாடு பிடிக்கிற பொம்பளை.

வீட்டுக்காரர் கேட்டார், "கை எப்படி இருக்குது?" கைக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். சொல்லி முடிக்கும் முன்னே சொம்பு கீழே விழுந்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

கோயம்புத்தூர். நரம்பு டாக்டர். மெர்லின் என்று பேர், நாகர்கோவில் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவள். சுத்தியலால் முழங்காலைத் தட்டினாள், உள்ளங்காலைக் கீறினாள். பிறகு ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துத் தள்ளினார்கள். கன்றுக்குட்டியை டெம்போவில் ஏற்றும்போது அது ஏன் அப்படி முரண்டு பிடிக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

படத்தைக் காட்டினாள். மூளையில் அங்கங்கே வெள்ளையாகப் புள்ளி. கழுத்துக்குள் போகும் தண்டுவடத்தில் ஒன்று.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது கண்ணு மங்கியிருக்கா?"

இருந்தது. நாலு வருஷம் முன்னே இடது கண் ஒரு மாசம் புகை மூட்டமாக இருந்தது, அசைத்தால் வலித்தது. சந்தைப் புழுதி என்று இளநீர் விட்டுக் கழுவினேன், தானாகச் சரியானது. அதுவும் இதுதானாம்.

டாக்டர் மெதுவாகச் சுற்றி வளைத்தாள். "பயப்பட வேண்டாம், சில பேருக்கு..." என்று ஆரம்பித்தாள். நான் சொன்னேன், "டாக்டரம்மா, நாங்க சந்தைலதான் துண்டைப் போட்டுப் பேசுவோம். நீங்க துண்டை எடுத்துட்டுச் சொல்லுங்க."

எடுத்துவிட்டுச் சொன்னாள். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ். நரம்பு என்பது கரண்டு கம்பி மாதிரி, மேலே ரப்பர் உறை இருக்கும். உடம்பைக் காக்க வேண்டிய காவலே வழி தவறிப்போய் அந்த உறையைக் கடிக்கிறது. உறை போன இடத்தில் சேதி ஒழுங்காகப் போகாது. முழுக்கத் தீர்க்க மருந்து இல்லை. கட்டிப்போட மருந்து இருக்கிறது, ஆறு மாசத்துக்கு ஒரு முறை ட்ரிப்பில் ஏற்றுவது. சீக்கிரம் கட்டினால் நல்லது.

ரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் வந்தது. வைட்டமின் டி. குறைந்தது முப்பது இருக்க வேண்டியது எனக்கு ஒன்பது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெயில்ல கெடைக்கறதுதானுங்களே அது? நான் வெயில்லயே பொழைக்கறவ!"

"சந்தை எத்தனை மணிக்குங்க?"

"விடியக்காலம் நாலு மணிக்கு. எட்டு மணிக்கெல்லாம் முடிஞ்சுரும்."

"அப்புறம்?"

"ஊட்டுக்கு வந்து தூங்குவேன்."

"என்ன போட்டுக்கிட்டுப் போவீங்க?"

சேலைக்கு மேலே வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு. மாட்டுக்காரப் பொம்பளைகள் எல்லோருக்கும் அதுதான் உடுப்பு. சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. பதினெட்டு வருஷமாக வெயிலுக்கு முதுகைக் காட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 7, புதன்

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

முதலில் நரம்பு வீக்கம் அடங்க ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ட்ரிப் ஏற்றினார்கள். வாயில் இரும்பைச் சப்பின ருசி. பசியோ கன்று ஈன்ற மாட்டுப் பசி. மோதிர விரலில் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. சுண்டு விரல் இன்னும் அடுத்த வீட்டுக்காரி மாதிரிதான், பக்கத்திலேயே இருக்கிறாள், பேச்சில்லை.

தினமும் எழுதினால் கைக்கு நல்லது என்று பிசியோதெரபி பெண் சொன்னாள். அதனால்தான் இந்த டைரியை விடாமல் எழுதுகிறேன். மற்றபடி எழுதி ஆற்றுகிற மனக்குறை எதுவும் எனக்குக் கிடையாது.

திருப்பூரிலிருந்து அண்ணன் தெய்வசிகாமணி வந்தான். சத்துமாவு, சத்து மாத்திரை ஏஜென்சி எடுத்திருக்கிறான். செல்போனில் வீடியோ போட்டுக் காட்டினான்.

"பாரு சாந்தா. வெளிநாட்டுல வெயில் இல்லாத ஊர்லதான் இந்தச் சீக்கு ஜாஸ்தி. ஏன்? வைட்டமின் டி இல்ல. அப்ப வைட்டமின் டி போட்டாச் சீக்கு போயிரும். இதுக்கு எதுக்கு ஊசியும் ட்ரிப்பும்? வாரத்துக்கு ஒரு பாக்கெட்டுன்னு டாக்டர் சொன்னா, நீ தெனம் ஒண்ணு போடு. மூணே மாசம்."

"அளவு மீறினா?"

"சத்துதான? என்ன பண்ணீரும்?"

அவன் கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாளும் வெளியே பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தவன். ஆனாலும் விற்கிறவன் வாயால் மாட்டை வாங்கக் கூடாது. அது அண்ணனாக இருந்தாலும் சரி.

ஆனால் ஆசை இருந்தது. பாக்கெட்டைப் பாலில் கலக்கிக் குடிப்பது யாருக்கும் தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுத்தால் சந்தைக்குத் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அண்ணன் சொன்னதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை, அது பிடித்தது.

"உங்க அண்ணன் சொன்னதுல பாதி நிஜம். வைட்டமின் டி குறைஞ்சவங்களுக்கு இந்த நோய் வர்ற வாய்ப்பு கூடுதல். அதுக்கு நல்ல சாட்சி இருக்கு. அந்தக் காவல் வழி தவறாம இருக்க அதுவும் ஒரு கை குடுக்குது. ஆனா நோய் வந்தப்புறம் அதை மட்டும் குடுத்து நோயை நிறுத்த முடியும்னு சொல்லச் சாட்சி பத்தாது. பரிசோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க, சிலதுல பலன், சிலதுல ஒண்ணுமில்ல. குறையை நிரப்பாம விட்டா மடத்தனம். அதை மட்டும் நம்பினா அதைவிட மடத்தனம்."

"தெனம் ஒண்ணு போட்டா?"

"ரத்தத்துல கால்சியம் ஏறும். வாந்தி வரும், கிட்னி கெடும். அப்புறம் நீங்க என்கிட்ட வரமாட்டீங்க, கிட்னி டாக்டர்கிட்டப் போவீங்க."

வெளியே வந்து அண்ணனுக்கு விளக்கினேன். மாட்டின் மயிர்ச்சுழி சுத்தமாக இருக்கிறது என்று சுழியை மட்டும் பார்த்து மாடு வாங்குகிறவன் இருக்கிறான். காலைத் தூக்கிப் பார்க்க மாட்டான். வீட்டுக்கு வந்தபிறகு மாடு நொண்டும். சுழியும் வேண்டும், காலும் வேண்டும். வைட்டமின் டி சுழி. ட்ரிப் கால்.

"எதுக்கெடுத்தாலும் உனக்கு மாடுதான்" என்றான்.

வாரம் ஒரு பாக்கெட் பாலில். அடுத்த வாரம் ஆறு மாச ட்ரிப். முடித்தாயிற்று.

மார்ச் 28, வியாழன்

எனக்கு நேரம் நல்ல நேரம். தேர்தல் வந்துவிட்டது. ரோட்டுக்கு ரோடு பறக்கும் படை நின்று பையைத் திறக்கச் சொல்வதால் கேரளாவிலிருந்து ஒரு வண்டிகூட வரவில்லை, சந்தை காலி. நான் போகாததை யாரும் கவனிக்கவே இல்லை. ட்ரிப் போட்டு வந்ததும் தெரியாது. ஓட்டு எல்லோருக்கும் போடலாம் போல இருக்கிறது.

வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கல்யாணமானதிலிருந்து பால் கறப்பதும் சொசைட்டிக்கு ஊற்றுவதும்தான் அவர் வேலை, சந்தைப் பக்கம் வண்டி ஓட்ட மட்டும் வருவார். இப்போது திடீரென்று துண்டுப் பேச்சு கற்றுக்கொடு என்கிறார். காலையில் காபி குடித்ததும் துண்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

"இது எத்தன?"

"ரெண்டு."

"இது?"

"நாலு. இல்ல, மூணு. சரியாப் புடிங்க மாமா, உங்களுக்குப் புடிக்கவே தெரியல."

"ஆமா, எனக்குத்தான் தெரியல" என்கிறார். மறுபடியும் பிடிக்கிறார். ஐம்பது வயசில் இவருக்கு எதற்கு இந்த வித்தை? அலுக்காமல் தினமும் வந்து உட்காருவதைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. என் இடத்துக்கு அடி போடுகிறாரோ?

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வருஷப் பிறப்பன்று கெட்டது எழுதக் கூடாது என்பார்கள். நடந்ததை எழுதுகிறேன், கெட்டதா இல்லையா என்பது அப்புறம்.

பாக்கெட் எட்டு முடிந்தது. பொறுமை போய்விட்டது. ஊரே வெயிலில் வேகிறது, ஓசியில் கொட்டுகிறதை விட்டுவிட்டு எதற்குப் பாக்கெட்டு? முழுக்கைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உச்சிப் பொழுதில் மொட்டை மாடியில் நின்றேன். வெயில் ஈரோட்டைத் தூக்கிச் சட்டியில் போட்டு வறுக்கிற வெயில்.

பக்கத்து மாடியில் வடகம் திருப்பிக்கொண்டிருந்த ரத்தினா கேட்டாள், "என்னங்க்கா, நீங்களும் காயறீங்க? எண்ணெயில போட்டா நல்லாப் பொரிவீங்க போலிருக்குதே!"

"காஞ்சாத்தானடி காசு" என்றேன்.

கொஞ்ச நேரம்தான். இடது கண்ணில் புகை ஏறியது. ரத்தினா மங்கினாள், வடகம் மங்கியது. கால் இரண்டும் நனைந்த சாக்கு மாதிரி ஆகி உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. கூப்பிட வாய் வரவில்லை என்று எழுத மாட்டேன், வாய் நன்றாக வந்தது. ஊருக்கே கேட்டிருக்கும்.

வீட்டுக்காரர் ஓடி வந்து தூக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தூக்கினது இதுதான் முதல். மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் சேலையோடு உட்காரவைத்து வாளி வாளியாக ஊற்றினார். அவர் முகத்தைப் பார்த்தேன், மனுஷன் தேம்பிக்கொண்டே ஊற்றுகிறார். கறவை மாடு மிரண்டுபோய்க் கத்துகிறது. அடங்கப்பா, என்ன ஒரு வருஷப் பிறப்பு.

உடம்பு குளிர்ந்ததும் கண் தெளிந்தது. கால் நின்றது. எல்லாம் வந்த வழியே போய்விட்டது.

ஏப்ரல் 15, திங்கள்

டாக்டர் போனில் திட்டினாள். அதற்கப்புறம் விளக்கினாள்.

"உறை போன கம்பி சூடு தாங்காது. உடம்பு சூடானா சேதி நின்னு போகும், ஆறினா திரும்ப வரும். புதுசா நோய் வரல, பயப்படாதீங்க. உங்களுக்கு வெளிச்சம் வேணும், சூடு ஆகாது. காலையில கொஞ்ச நேரம், கை வெளியே தெரிய, கழுத்துல ஈரத்துண்டு போட்டுட்டு நில்லுங்க. மீதியைப் பாக்கெட் பார்த்துக்கும், இனி மாசத்துக்கு ஒண்ணு."

என்ன நோய் இது! மருந்தையும் விஷத்தையும் ஒரே கடையில், ஒரே சூரியனிடம் வைத்திருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். விடியற்காலத்தில் என் கை நன்றாக இருக்கிறது, வெயில் ஏறினால் மரக்கிறது. எதிரியின் நேரம் தெரிந்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

மே 9, வியாழன்

சந்தைக்குத் திரும்பிவிட்டேன். முதல் ஆளாகப் போகிறேன், குளிர் இருக்கும்போதே முடித்துவிடுகிறேன். மூன்று வாரமாக ஒரு தப்பும் இல்லை. "என்ன சாந்தாமணி, கோழி கூவறதுக்கு முந்தி வந்துர்றே?" என்கிறார்கள். தொழில் பக்தி என்றேன்.

ஆறுச்சாமி அண்ணனுக்குத்தான் வயசாகிவிட்டது. வயசானால் கை நடுங்கும் என்பார்கள், இவருக்கு இறுகுகிறது. விரலைப் பிடிக்கச் சொன்னால் கரும்பை ஆலையில் விட்ட மாதிரி நசுக்குகிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுண்டு விரல் சிவந்து கிடக்கிறது. ஒரு நாள் கேட்டுவிட வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

வாகனம் பழுதாகித் தாமதமாகப் போனேன். வெயில் ஏறிவிட்டது. ஆறுச்சாமி அண்ணனும் இல்லை. வேறு தரகன் பிடித்தது இரண்டா மூன்றா தெரியவில்லை. "வேண்டாம்" என்று கையை உருவிக்கொண்டேன். முடிய வேண்டிய பேரம். நல்ல கிடாரி.

அண்ணன் தெய்வசிகாமணி வீட்டில் உட்கார்ந்திருந்தான். "சாந்தா, கோவிச்சுக்காத. இனிமே மாப்ள சந்தையப் பாத்துக்கட்டும். அவருக்குத்தான் வெரல் பேச்சு வந்துருச்சில்ல. நீ ஊட்ல இருந்து கணக்கப் பாரு."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஓஹோ, இதுக்குத்தான் தெனம் காலைல துண்டோட வந்து உக்காந்தீங்களா?"

அவர் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார், "நான் சந்தைக்குப் போறதுக்காப் படிச்சேன்? ஒவ்வொரு நாளும் உனக்கு எத்தன வெரல் தெரியுதுன்னு பாத்தேன். பங்குனியில மூணு. நேத்துக் காலைல நாலு தெரிஞ்சுது."

எனக்கு அடுப்பில் பால் பொங்கியது ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டேன். பால் வைத்திருக்கவில்லை என்று உள்ளே போனபிறகுதான் தெரிந்தது.

ஜூலை 23, செவ்வாய்

ஜெயித்தேன்!

மறுபடியும் குழாய்க்குள் தள்ளினார்கள். இந்தத் தடவை முரண்டு பிடிக்கவில்லை, தூங்கிவிட்டேன். புதுப் புள்ளி ஒன்றுகூட இல்லை. பழையதில் ஒன்று சுருங்கியிருக்கிறது. வைட்டமின் டி நாற்பத்தொன்று. ஒன்பதிலிருந்து நாற்பத்தொன்று! இப்படி ஒரு மாடு தேறியிருந்தால் கண்காட்சிக்குக் கொண்டுபோயிருப்பேன்.

"எதுங்க வேலை செஞ்சுது, ட்ரிப்பா வைட்டமினா?"

"முக்கியமா ட்ரிப். வைட்டமின் எவ்வளவு உதவுச்சுன்னு அளந்து சொல்ல என்கிட்ட தராசு இல்ல. ரெண்டையும் விடாதீங்க." தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை விட்டுவிடக் கூடாது.

சுண்டு விரலைக் காட்டினேன். அது வராமலே போகலாம் என்றாள், பழைய காயம். துண்டை எடுத்துவிட்டுத்தான் சொன்னாள். சரி.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆடித் தேர்ச்சந்தை. வருஷத்துக்கு ஒன்று. நாலு நாள் பகலெல்லாம் பேரம் நடக்கும், மைசூர்ப் பக்கமிருந்தெல்லாம் மாடு இறங்கும். பொள்ளாச்சித் தோப்புக்காரர் ஒருவர் பொலிகாளை ஒன்று பிடித்துத் தரச் சொல்லி என்னை நம்பி அனுப்பியிருந்தார்.

காளையைக் கண்டுபிடித்துவிட்டேன். கொள்ளேகால் மாதேவப்பாவுடையது. சாம்பல் நிற மயிலைக் காளை, திமில் மலை மாதிரி, நடந்தால் தரை அதிர்கிறது. சேலத்துப் பார்ட்டி ஒருவன் ஏற்கனவே இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டான். மணி பன்னிரண்டு. காற்று அடித்தாலும் கூட்டத்தின் வெக்கை. வீட்டுக்காரர் ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். கண்ணும் காலும் தாக்குப்பிடித்தன. வலது கை மட்டும் கட்டையாகிவிட்டது. இரண்டு விரல் இல்லை, மூன்றாவதும் சந்தேகம்.

லட்சத்துக்கு மேல் எத்தனை ஆயிரம் என்பதுதான் பாக்கி, மாதேவப்பா துண்டை எடுத்தார். அண்ணன் என் காதில், "மாப்ளையக் கை குடுக்கச் சொல்லு சாந்தா. காளை போயிரும்" என்றான். வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். அந்த ஒரு அடிக்கு அவருக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள். இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

இடது கையை நீட்டினேன்.

மாதேவப்பா கையை இழுத்துக்கொண்டார். "ஏனம்மா, எடது கையா? நம்மளுக்கு மரியாதெ இல்லியா? பேரத்துக்கு யாராவது எடது கை தருவாங்களா?"

ஆறு மாசம் மூடி வைத்ததை அங்கேதான் திறந்தேன். சத்தமாகவே சொன்னேன்.

"மரியாதை இருக்கறதுனாலதானுங்க இடது கை. எனக்கு நரம்புச் சீக்கு. வலது கையில ரெண்டு விரலுக்குச் சேதி போறதில்ல. வலது கையைக் குடுத்தா நீங்க அஞ்சு புடிப்பீங்க, அது மூணுன்னு என்கிட்டப் பொய் சொல்லும். இடது கை பொய் சொல்லாது. உங்களுக்குப் பொய் சொல்ற கை வேணுமா, நெசம் சொல்ற கை வேணுமா?"

சேலத்துப் பார்ட்டி சிரித்தான். அப்போது பின்னாலிருந்து ஆறுச்சாமி அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சிரிக்கறவன் யாருடா? தை மாசமே எனக்குத் தெரியும். அஞ்சு வெரலைப் புடிச்சவனுக்கு எதிர்கை மூணைத்தான் வாங்குச்சுன்னு தெரியாதா? அன்னிக்கு ஒத்த வார்த்தை பேசாம அஞ்சுக்கும் குடுத்துட்டுப் போனவ இவ." என் பக்கம் திரும்பினார். "அன்னிலேர்ந்து நசுக்கு நசுக்குன்னு நசுக்கறேன். ஒருக்காவாச்சும் 'வலிக்குதுங்கண்ணா'ன்னு சொன்னியா அம்மிணி? சொல்லியிருந்தா அன்னிக்கே கெடா வெட்டியிருப்பேன்!"

மாதேவப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார், மாடு பார்க்கிற பார்வை. "எடது கையிலெ பொய் சொன்னா எந்தச் சாமி கேக்கும்?"

"அதே சாமிதானுங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் காது இருக்குது."

கிழவர் சிரித்துவிட்டார். வெற்றிலைக் காவிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "சரி, தாம்மா" என்று தன் இடது கையை எடுத்தார். துண்டு விழுந்தது.

ஐயோ, அந்த இடது கை! இத்தனை வருஷம் அதைச் சோறு பிசையக்கூட விட்டதில்லை. அவர் உள்ளங்கைக் காய்ப்பு தெரிகிறது, கயிறு அறுத்த தழும்பு தெரிகிறது, நாடிகூடத் தெரிகிறது. நாலு பிடித்தார். முடியாது என்று தலையை ஆட்டினேன். ஒன்று பிடித்தேன். முகத்தைச் சுளித்தார். மூன்று என்றார். நான் அசையவில்லை. மறுபடி மூன்றுதான், ஆனால் மூன்றாவது விரலை மட்டும் பாதி மடக்கி, பிடித்தும் பிடிக்காமலும் வைத்தார். இரண்டா, இரண்டரையா, மூன்றா என்று அப்புறம் சண்டை போட வசதியாக. பழைய கைக்கு அது தெரிந்தே இருக்காது.

"அந்த மடக்குன வெரல நிமுத்துங்க, இல்லீனா எடுத்துருங்க" என்றேன்.

எடுத்துவிட்டார். இரண்டு. முடிந்தது. துண்டை எடுத்தோம். காளைக் கயிறு என் கைக்கு வந்தது.

"ஏனம்மா, நோயாளின்னு பாவம் பாத்து எடது கை தந்தா, நம்ம தோலெ உரிச்சிட்டியே!" என்று மாதேவப்பா கத்த, கூட்டம் மொத்தமும் விசிலடித்தது. அண்ணன் விசிலடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மேட்டுவலசு. முழுக்கைச் சட்டை போடவில்லை. ஏழரை மணி வெயில் இரண்டு கையிலும் விழுகிறது. இனி முன்னேயே வந்து ஓடி ஒளிய வேண்டியதும் இல்லை, எந்த நேரமும் என் நேரம்தான். வெக்கை ஏறினால் நிழலில் உட்காருவேன், பேரம் நிழலுக்கு வரட்டும்.

ஒரு பையன், மீசை புதுசு, பழையகோட்டைப் பக்கத்து வியாபாரியாம், இதுவரை பார்த்ததில்லை. என்னிடம் மாடு வாங்க வந்தான். துண்டைப் போட்டவன், கேட்காமலே இடது கையை உள்ளே விட்டான்.

"உனக்கு யாரு சாமி சொன்னது?"

"சந்தைக்குள்ள வரும்போதே சொன்னாங்க்கா. அந்தக்கா கிட்ட இடது கைதான் குடுக்கோணும்னாங்க."

"வேறென்ன சொன்னாங்க?"

தயங்கினான். "ஒரு வெரலுக்கு மேல ஏத்தாத, அந்தக்கா கையோட புடுங்கிக்கும்னாங்க."

நான் இரண்டு விரல் ஏற்றினேன்.